முதல் பணியிடம் கிராமம்: நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வங்கி, பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கிராம நிர்வாக அலுவலகம் என்று ஏதோ ஒரு துறையில் முதல் பணி ஆணையைப் பெற்று, கல்யாண வீட்டுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போனதைத் தவிர கிராமத்தில் ஓர் இரவுகூடத் தங்கியிராத இளைஞர்கள் ஆண்டுதோறும் காவிரி டெல்டா மாவட்டங்களுக்கு வந்து சேர்கிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான். பெரம்பூரில் பிறந்து வளர்ந்து, திருவாரூர் மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாகச் சேர்ந்தேன். நான்கு ஆண்டுகள் அங்கேயே வீடெடுத்துத் தங்கினேன். அந்த நான்கு ஆண்டுகளில் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை, வருவதற்கு முன்பே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. அவற்றைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கொங்குப் பகுதிக்கோ தென் மாவட்டங்களுக்கோ போகிறவர்களுக்குச் சொற்களும் பயிர்களும் மாறும். ஆனால் கவனிக்க வேண்டிய இடங்கள் பெரிதும் இவைதாம்.

முதலில்: கிளம்புவதற்கு முன்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 7.21 கோடி மக்களில் 48.4 சதவீதத்தினர் நகரங்களிலும், மற்றவர்கள் கிராமங்களிலும் வாழ்ந்தார்கள். ஏறத்தாழப் பாதிக்குப் பாதியாகப் பிரிந்திருக்கும் இந்த இரு தரப்பினருக்கும் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் ஆயத்தமான ஒரு தீர்ப்பு இருக்கிறது. நகரத்தில் வளர்ந்தவர்களின் மனதில் கிராமத்துக்கு இரண்டு முகங்கள்தாம் உண்டு. ஒன்று, பச்சை வயலும் வெள்ளந்தி மனிதர்களும் கொண்ட சொர்க்கம். மற்றொன்று, அறியாமையும் சாதிச் சண்டையும் மட்டுமே நிறைந்த பட்டிக்காடு. நம் நாட்டின் பெரிய தலைவர்களே இந்த விஷயத்தில் எதிரெதிராக நின்றவர்கள். காந்தி கிராமத்தை அடிப்படையாக வைத்து இந்தியாவைக் கனவு கண்டார். அம்பேத்கரோ 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் குடிகொண்ட இடம் என்று கடுமையாகச் சொன்னார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு ஊருக்குப் போன பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

நீங்கள் கிளம்புமுன் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேற்சொன்ன இரண்டில் எது உங்கள் மனதில் இருக்கிறது என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறுப்போடு போகிறவரைவிட, வெள்ளந்தி மனிதர்களைத் தேடிப் போகிறவர் அதிகத் தீங்கு செய்ய வாய்ப்புண்டு என்பது என் கருத்து. எதிரே இருப்பவரை விவரம் தெரியாதவர் என்று எடுத்துக்கொண்டு, ஒப்பந்தத்தின் விதிகளை விளக்காமல் கைநாட்டு வாங்குகிறவர், அந்தச் செயலை அன்பு என்றே நம்பிக்கொண்டிருப்பார். வெறுப்போடு போனவராவது தன் தவறு கண்ணில் பட்டால் திருத்திக்கொள்ளக்கூடும்.

முதல் வாரம்: ஊரின் நேரத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

போய்ச் சேர்ந்தவுடன் ஒரு சிறு குறிப்பேடு வாங்கி, முதல் பக்கத்தில் பேருந்து நேரங்களை எழுதுங்கள். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி, அதை விட்டால் அடுத்தது எப்போது, கடைசி வண்டி எது, எந்த ஊருக்கு வண்டியே இல்லாமல் நடந்து வருகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஊரில் நேரம் வண்டியை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. "ஒம்பது மணி வண்டிக்கு வந்தேன்" என்றால், இரண்டு மணி வண்டி வரும்வரை அவர் எங்கும் போக முடியாது என்றும் பொருள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு, துணைக்கு ஆள் தேடாமல் தனியாகவே வேலையை முடித்துக்கொள்ள வரும் பெண்களின் தொகை கூடியிருக்கிறது; ஆனால் வண்டி வரும் நேரம் மட்டும் அவர்கள் கையில் இல்லை.

இந்தப் பக்கம் என்னிடம் இல்லாமல் போனதற்கு நான் இன்றும் வருந்துகிற ஒரு நாள் உண்டு. எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி, அடகு வைத்திருந்த ஒரு ஜோடித் தோட்டை மீட்க வந்திருந்தார். நகைப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். இரண்டும் இரண்டு அலுவலர்களிடம் இருக்கும். இன்னொரு சாவியை வைத்திருந்தவர் வெளியே போயிருந்தார், மூன்று மணிக்குத் திரும்புவார். நான் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நாளைக்கு வாங்க பாட்டி" என்றேன். அவர், "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை பேத்திக்குக் காதுகுத்து என்பதையும், நடவு வேலைக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார் என்பதையும், பணம் கைமாற்றாக வாங்கியது என்பதையும் எங்கள் கிளையில் பெருக்கித் துடைக்கும் அம்மா எனக்கு இரண்டு நாள் கழித்துச் சொன்னார். சென்னையில் ஒருவருக்கு உண்மையாகவே அவசரமென்றால் அவர் சண்டை போட்டிருப்பார், மேலாளரைக் கூப்பிடச் சொல்லியிருப்பார். அந்தப் பழக்கத்தில் வந்த நான், பாட்டியின் அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் எதிர்த்துப் பேசிப் பழகாதவரின் "சரிங்கம்மா" அது. ஆகவே யாரையும் திருப்பி அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த ஊர், எந்த வண்டிக்கு வந்தீர்கள், எதற்காக இன்றைக்கே வேண்டும்.

குறிப்பேட்டின் அடுத்த பக்கம் பயிர் நாட்காட்டி. மேட்டூர் அணையில் குறுவை நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்க வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 12. அணையில் போதிய நீர் இல்லாவிட்டால் அது தள்ளிப்போகும், அதோடு ஊரின் கணக்கெல்லாம் தள்ளிப்போகும். உழவும் நடவும் நடக்கும் மாதங்களில் நகை அடகுக்கு வரும். சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் எடை போடப்பட்டுப் பணம் வந்த பிறகு, தை மாதத்துக் கல்யாணங்களுக்காக அதே நகை மீட்கப்படும். நீங்கள் ஆசிரியரானாலும் செவிலியரானாலும் இது உங்களுக்குத் தேவை. நடவு நாளில் பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு, "இந்த ஊர்க்காரங்களுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே இல்லை" என்று சொல்லும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீடு பார்க்கும்போது

வாடகை, முன்பணம் ஆகியவற்றுக்கு முன்னால் உங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் சுற்றி வளைத்து ஒரே இடத்துக்கு வரும். "சொந்த ஊரு எது?", "அங்க எந்தத் தெரு?", "கவுச்சி சமைப்பீங்களா?", "உங்க ஆளுங்க இங்க யாராவது இருக்காங்களா?" என்பவை சாதியைக் கேட்காமல் கேட்கும் முறைகள். சென்னையில் இது இல்லை என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். அங்கே அதே கேள்வியைத் தரகர் தொலைபேசியில் கேட்டுவிடுவார், அல்லது 'சைவம் மட்டும்' என்ற விளம்பரம் கேட்டுவிடும். "என் வேலை இதுங்க, வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள குடுத்துடுவேன்" என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதைக் கோபப்படாமல், ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் குடியேறும் தெரு உங்கள் பக்கத்தை ஊருக்கு அறிவித்துவிடும் என்பதால், எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் நடந்துபோகும் கடைத்தெருவிலோ பேருந்துச் சாலையிலோ வீடு கிடைத்தால் அதுவே நல்லது. உங்களைப் பார்க்க வருகிறவர்களில் யாரும் வாசலோடு நிறுத்தப்படக் கூடாது என்பதை வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

தனியாகத் தங்கும் பெண்களுக்கு ஒன்று. கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை என்ற கேள்விகள் முதல் மாதத்தில் ஓயாது. அவற்றில் பாதி அக்கறை, பாதி வேவு. என் அனுபவத்தில், பக்கத்து வீட்டில் ஓர் அக்காவையோ பெரியம்மாவையோ நெருக்கமாக்கிக்கொள்வது மற்ற எல்லாப் பதில்களையும்விட நல்ல பதிலாக இருந்தது.

சொற்களைக் கவனியுங்கள்

இந்தப் பகுதியை விரிவாக எழுதக் காரணம், நகரத்துத் தமிழும் கிராமத்துத் தமிழும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு பொருளைப் பேசும் இடங்கள் உண்டு என்பதுதான்.

சேர்ந்த முதல் மாதம், நிலபுலன் உள்ள ஒரு வாடிக்கையாளர் வீட்டில் உட்கார வைத்துக் காபி கொடுக்கச் சொன்னார்கள். பெரியவர், "மெட்ராஸ்ல எங்கம்மா?" என்றார். "பெரம்பூருங்க. காலனியிலதான் வளர்ந்தேன்" என்றேன். உள்ளேயிருந்து டவரா டம்ளரோடு வந்துகொண்டிருந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து அந்தப் பெரியவரே, "ரயில்வே காலனிங்களா? குவார்ட்டர்ஸா?" என்று கேட்டார். "ஆமாங்க, அப்பா ரயில்வேல இருந்தாரு" என்றேன். அதன் பிறகுதான் காபி நிலைப்படியைத் தாண்டி வந்தது. சென்னையில் காலனி என்றால் அலுவலர் குடியிருப்பு. டெல்டா கிராமத்தில் அந்தச் சொல் தலித் மக்கள் வாழும் பகுதியைக் குறித்தது. நிலைப்படியில் நின்ற அந்தக் காபியின் பொருள் புரிந்த இரவில், நான் எவ்வளவு அவசரமாக, எவ்வளவு நிம்மதியோடு "ஆமாங்க" என்று சொல்லியிருந்தேன் என்பதும் எனக்குப் புரிந்தது. ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசையாகவும் ஆகிவிட்ட அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பேச்சிலிருந்து அது தானாகப் போகாது. நீங்கள் தெருவின் பெயரைச் சொல்லியே அந்தப் பகுதியைக் குறிப்பிடுங்கள்.

அடுத்தது மரியாதைச் சொல். ஊரில் சிறு பையன்கள்கூட முதியவர் ஒருவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்று கூப்பிடுவதைக் கேட்பீர்கள். எந்தத் தெரு முதியவர் அப்படிக் கூப்பிடப்படுகிறார் என்பதைக் கவனித்தால் மிச்சம் புரிந்துவிடும். உங்கள் மேசைக்கு வருகிற எல்லோரும் உங்களுக்கு "வாங்க, உக்காருங்க" தான். தலித் மக்கள் வாழும் சேரித் தெருவிலிருந்து வந்த பெரியவர் நாற்காலியில் உட்காரத் தயங்கினால், அவர் உட்காரும்வரை நீங்களும் நின்றுகொண்டே பேசுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு மாதத்தில் தயக்கம் போனது.

மூன்றாவது அளவுகள். நிலத்தை இங்கே ஏக்கரில் மட்டும் பேசுவதில்லை. ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட், மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. வட்டியை ஆண்டுச் சதவீதத்தில் யாரும் நினைப்பதில்லை. "ரெண்டு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். ஆண்டுக்கு 9 சதவீதம் என்று நீங்கள் சொன்னால் கேட்பவருக்கு அது இரண்டு வட்டியைவிடப் பெரிய எண்ணாகத்தான் காதில் விழும். "நூத்துக்கு மாசம் எழுபத்தஞ்சு காசு" என்று சொல்லுங்கள். உடனே மனக்கணக்கில் ஆறு மாதத்துக்கு எவ்வளவு என்று உங்களுக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். படிக்காதவர் என்று நாம் நினைத்தவர் கணக்கில் நம்மைத் தாண்டிப் போவதை நேரில் பார்க்கும்போது, நகரத்திலிருந்து கொண்டுவந்த பல எண்ணங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

எல்லாத் தெருக்களுக்கும் நடந்து போங்கள்

முதல் மாதம் முடிவதற்குள் ஊரின் எல்லாத் தெருக்களிலும் ஒருமுறையாவது நடந்திருக்க வேண்டும். ஊர் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, பல இடங்களில் ஊர் தனி, சேரி தனி. நடுவே வாய்க்காலோ வயலோ இருக்கும், இரண்டுக்கும் சுடுகாடு தனித்தனி. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இருக்கிற தூரம் முந்நூறு கிலோமீட்டர் என்றால், இந்த வாய்க்காலின் அகலம் அதைவிட அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். கூலி உயர்வு கேட்டதன் பகையில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நீங்கள் வேலைக்குப் போகும் அதே வயல்வெளிதான் அது. பச்சை வயலைக் கைபேசியில் படமெடுக்கும் முன் அந்த வயலில் யார் நடுகிறார்கள், நிலம் யாருடையது, கோயில் நிலமா, மடத்து நிலமா, குத்தகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் வேலையின் பகுதி.

போகிற வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். மகளிர் குழுக் கடனுக்காகச் சேரித் தெருவுக்கு முதன்முறை போனபோது, குழுத் தலைவி என்னை உட்கார வைத்துவிட்டு மகனைக் கடைக்கு ஓட்டினார், கலர் வாங்கி வர. தாகமாக இருக்கிறது, தண்ணீரே போதும் என்றேன். "எங்க வீட்டுத் தண்ணி குடிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். குடிப்பேன் என்றதும் உள்ளே போய் ஒரு சில்வர் டம்ளரை எடுத்து, சாம்பலும் நாரும் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவி, விளிம்பு வரை ஊற்றிக் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை வாசலில் நான்கு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடையிலிருந்து மூடியோடு வந்த பாட்டிலைத் தவிர வேறு எதையும் வெளியிலிருந்து வருகிறவர்கள் தொடமாட்டார்கள் என்பதை அந்தப் பெண்ணுக்கு யாரோ பலமுறை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

திருவிழாவும் சாவும்

கோடையில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், பல ஊர்களில் அந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கமாட்டார்கள். பயிற்சிக்கோ முகாமுக்கோ ஆள் கூப்பிடுமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். திருவிழாவுக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரியை யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை என்பதையும் கவனியுங்கள். வரி வாங்காமல் விடுவது சலுகை போலத் தெரியும். வரி கொடுத்தவருக்குத்தான் கோயிலில் உரிமை என்பதால், வாங்க மறுப்பதுதான் விலக்கி வைக்கும் வழி. அதிகாரி என்பதால் உங்களுக்குப் பரிவட்டம் கட்ட வருவார்கள். "வேலைக்கு வந்த எடத்துல வேணாங்க, சாமி கும்பிட்டுக்கிறேன்" என்று கைகூப்பி விலகிவிடுங்கள். நான் அப்படி விலகியபோது யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாவு வீட்டுக்குக் கட்டாயம் போங்கள், எந்தத் தெருவானாலும். திரும்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லாதீர்கள். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுதான் முறை.

உங்களைப் பற்றிய தீர்ப்பு

"மெட்ராஸ்காரங்க பக்கத்து வீட்டுல செத்தாலும் கதவைத் திறக்க மாட்டாங்க" என்பது நீங்கள் அடிக்கடி கேட்கப் போகிற வாக்கியம். வாதாடாதீர்கள், ஆனால் தலையாட்டவும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பெயர் தெரியாதவர்கள் படகில் வந்து எங்கள் தெருவில் பால் பாக்கெட் கொடுத்ததை நான் சொல்வேன். அப்போது வெளி மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு அரிசியும் போர்வையும் லாரிகளில் வந்ததையும் சேர்த்துச் சொல்வேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, சென்னையிலிருந்து வந்த இளைஞர்கள் தார்ப்பாய் கட்டிக் கொடுத்ததை ஊர்க்காரர்களே எனக்கு நினைவுபடுத்தினார்கள். "கெட்டும் பட்டணம் சேர்" என்ற பழமொழி சும்மா வரவில்லை. ஊரில் நாற்காலி கிடைக்காத எத்தனையோ பேருக்குப் பட்டணத்தின் பெயர் தெரியாத கூட்டமே விடுதலையாக இருந்திருக்கிறது. பட்டணம் போன தங்கள் பிள்ளைகளை ஏன் திரும்பி வரவேண்டாம் என்கிறார்கள் என்று சேரித் தெருப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

தவறு நடப்பதைக் கண்டால்

தேநீர்க் கடையில் தனிக் குவளையையோ, பள்ளியில் ஒரு தெருப் பிள்ளைகளை மட்டும் பெருக்கச் சொல்வதையோ கண்டால், 'இது அவர்கள் பண்பாடு, நமக்கென்ன' என்று ஒதுங்குவதற்கு உங்களுக்கு இடமில்லை. தீண்டாமை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவால் ஒழிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரையும் தண்டிக்கிறது. முதலில் பாதிக்கப்பட்டவரிடம் தனியாகப் பேசி, அவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போய்விடுவீர்கள், அவர் அங்கேயேதான் இருக்கப் போகிறார். அவர் சம்மதித்தால் தேதியோடு எழுதி மேலதிகாரிக்குக் கொடுங்கள்; 14566 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களில் கூடும் கிராம சபைக்கு நேரம் ஒதுக்கிப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். யார் பேசுகிறார்கள், யார் நின்றபடியே கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மாற்றல் வந்ததும்

கடைசி வாரத்தில் அந்தக் குறிப்பேட்டைப் புதிதாக எழுதி, அடுத்து வருபவரின் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். பேருந்து நேரங்கள், நடந்து வரும் ஊர்கள், கண் தெரியாத வாடிக்கையாளர்கள், எந்தக் குழுவில் யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும், எந்தத் தெருவில் இன்னும் யாரும் போய்த் தண்ணீர் குடிக்கவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நான் விட்டுவந்த குறிப்பேட்டின் முதல் வரி இது: "ஒன்பது மணி வண்டிக்கு வருபவர்களை முதலில் கவனிக்கவும், அடுத்த வண்டி இரண்டு மணிக்கு."